ஓர் எண்ணின் ஜாதகம்

147573952589676412927

இருபத்தொரு இலக்கங்கள். மொட்டையாக எழுதி வைத்தால், ஏதோ வெளிநாட்டு வங்கிக் கணக்கின் எண் என்று நினைக்கத் தோன்றும். நம் முறைப்படி கோடி கணக்கில் வாசித்தால் இது அழகாக மூன்று ஏழுகளாகப் பிரிகிறது: பதினான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடி, ஐம்பத்திரண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு கோடி, அறுபத்து நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது குவின்டில்லியனில் நாக்கு மாட்டிக்கொள்கிறது. கோடியே நமக்கு வசதி.

கணிதக்காரர்கள் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டார்கள். 2^67 - 1 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்மணி வைத்து ராஜாவை ஓட்டாண்டியாக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகைக்கு அறுபத்து நான்கு கட்டங்களுக்குப் பதில் அறுபத்தேழு கட்டங்கள் இருந்திருந்தால், மொத்த நெல்மணிகள் எத்தனையோ அதுதான் நம் எண்.

இந்த எண்ணைப் பற்றி 1644இல் ஒருவர் ஒரு கருத்துச் சொன்னார். அது தவறு என்று 1876இல் இன்னொருவர் நிரூபித்தார். எப்படித் தவறு என்று 1903இல் மூன்றாமவர் காட்டினார். இரண்டாமவர் செய்ததற்கும் மூன்றாமவர் செய்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இன்று உங்கள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் பத்திரமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

முதலாமவர் மெர்சென். பாரீஸில் வாழ்ந்த துறவி. ஃபெர்மா, தெகார்த் போன்றவர்களோடு ஓயாமல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். அறிவியல் சஞ்சிகைகள் இல்லாத அந்தக் காலத்தில் ஐரோப்பிய அறிஞர்களுக்கு அவர்தான் தபால் நிலையம். அவருடைய ஆர்வங்களில் ஒன்று நிறைவெண்கள். ஓர் எண்ணின் காரணிகளை (அந்த எண்ணை விட்டுவிட்டு) கூட்டினால் அதே எண் திரும்ப வருமானால் அது நிறைவெண். 6 = 1 + 2 + 3. அடுத்தது 28. 2^ப - 1 என்பது பகா எண்ணாக அமையும் ஒவ்வொரு முறையும் ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் அன்றே காட்டியிருந்தார். எனவே, எந்தெந்த ப-வுக்கு 2^ப - 1 பகா எண்ணாகும் என்பது கேள்வி. ப பகா எண்ணாக இருந்தாக வேண்டும் என்பது சுலபமாகத் தெரிந்துவிடும். ஆனால் அது மட்டும் போதாது. ப = 11 என்றால் 2047 வருகிறது. அது 23 × 89.

மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. ப 257ஐத் தாண்டாதவரை இவை மட்டுமே பகா எண்ணைத் தரும், வேறு எதுவும் தராது என்றார். 2^257 - 1 எழுபத்தெட்டு இலக்க எண். பேனாவையும் மைக்கூட்டையும் வைத்துக்கொண்டு ஒருவர் இதைச் சோதித்திருக்க முடியாது. பதினைந்து, இருபது இலக்க எண் பகா எண்ணா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதியும் இருக்கிறார். பிறகு எந்தத் தைரியத்தில் சொன்னார்? ஏதோ ஓர் அமைப்பைக் கண்டு ஊகித்திருக்க வேண்டும். ஊகம் என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை.

அவரைச் சோதிக்க யாராலும் முடியாததால் பட்டியல் கௌரவமாக வாழ்ந்தது. 1772இல் ஆய்லர் 31ஐச் சரிபார்த்தார். அந்த 2147483647 மென்பொருள் எழுதுகிற எல்லோருக்கும் பழைய சிநேகிதன். 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் அது. 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணும் பழைய நிரல்கள் 2038இல் தடுக்கி விழப்போவது இந்தப் பகா எண்ணில்தான். 31க்கு அப்பால் ஆய்லருக்கும் கை எட்டவில்லை.

இரண்டாமவர் எத்வார் லூகா. ஹனோய் கோபுரம் என்ற தட்டு மாற்றும் விளையாட்டை 1883இல் உலகுக்குக் கொடுத்தவர் இவரே. கணினிக் கல்லூரியில் படித்தவர்கள் அந்தக் கோபுரத்திடம் தப்பியிருக்க முடியாது. 1876இல் லூகா ஒரு விசித்திரமான சோதனையைக் கண்டுபிடித்தார். அதைப் பின்னாளில் லேமர் என்பவர் 1930இல் எளிமையாக்கிக் கொடுத்த வடிவில் சொல்கிறேன்.

4இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழியுங்கள். 14. மறுபடி அப்படியே. 196 - 2 = 194. ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2^5 - 1 = 31ஐச் சோதிப்பதாக இருந்தால் 194க்குப் பதில் 8. அடுத்து 64 - 2 = 62. அதை 31ஆல் வகுத்தால் மீதி 0. ப-வை விட இரண்டு குறைவான படிகளில், அதாவது இங்கே மூன்றாவது படியில், பூஜ்யம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் இல்லை. 2047ஐ இதே இயந்திரத்தில் போட்டால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போகிறது. ஒன்பதாவது படியில் வந்திருப்பது 1736, பூஜ்யம் அல்ல. எனவே 2047 பகா எண் அல்ல.

இதில் நான் வியப்பது, 23 என்ற எண்ணோ 89 என்ற எண்ணோ இந்தக் கணக்கில் எங்கும் தலைகாட்டவில்லை என்பதைத்தான். தேங்காய்க் கடையில் தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? உடைக்க வேண்டியதில்லை. லூகாவின் சோதனை அப்படிப்பட்டது. தன் முறையால் 2^127 - 1 பகா எண்தான் என்று அவர் நிறுவினார். முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட அந்த எண், 1951 வரை அறியப்பட்ட பகா எண்களிலேயே பெரியது என்ற பெயரைத் தக்க வைத்துக்கொண்டது. அதே 1876இல் 2^67 - 1 பகா எண் அல்ல என்றும் காட்டினார். மெர்சென்னின் பட்டியலில் விழுந்த முதல் ஓட்டை இது. (மேலும் நான்கு ஓட்டைகள் இருந்தன. 257 தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 67 என்பது 61க்குப் பதிலாக விழுந்த அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்களும் உண்டு.)

இப்போது நிலைமையைப் பாருங்கள். இந்த எண் உடையும். அதில் ஐயமே இல்லை, நிரூபணம் இருக்கிறது. ஆனால் எங்கே உடையும்? யாருக்கும் தெரியாது. இருபத்தேழு வருடங்கள் இப்படியே போயின.

காரணியைத் தேடுவதென்றால் எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இங்கே ஃபெர்மா உதவிக்கு வருகிறார். க என்ற பகா எண் 2^67 - 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2^67ஐ க-வால் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் தேற்றப்படி 2^(க - 1)ஐ வகுத்தாலும் மீதி 1. மீதி 1 வரும் மிகச் சிறிய அடுக்கு எதுவோ, அது இந்த இரண்டு அடுக்குகளையும் வகுக்க வேண்டும். 67 பகா எண் என்பதால் அந்தச் சிறிய அடுக்கு 67ஆகத்தான் இருக்க முடியும். எனவே க - 1 என்பது 67இன் மடங்கு. க ஒற்றைப்படை என்பதால் 134இன் மடங்கு. ஆக, காரணி எதுவானாலும் 134இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்கும். ஃபெர்மா இப்படித்தான் 1640இல் 2^37 - 1ஐ 223 வகுக்கும் என்று கண்டுபிடித்தார். 74 × 3 + 1 = 223. அவருக்கு மூன்றாவது கதவிலேயே அதிர்ஷ்டம்.

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. 2^67இன் மீதி 1 என்றால் 2^68இன் மீதி 2. ஆனால் 2^68 என்பது 2^34இன் வர்க்கம். அதாவது க-வின் உலகத்தில் 2 என்பது ஒரு வர்க்க எண்! எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே இந்தக் குணம் உண்டு. தேட வேண்டியவர்களில் பாதிப்பேர் இங்கேயே கழிந்துவிடுகிறார்கள்.

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறிய காரணி 193707721. அது 134 × 1445580 + 1. இரண்டு சல்லடைகளுக்கும் பிறகு அதை அடைய 7,22,790 எண்களைச் சோதிக்க வேண்டும். ஒரு வகுத்தலை ஒரு நிமிடத்தில் முடிப்பவர் (என்னால் பத்து நிமிடத்தில்கூட முடியாது), ஞாயிற்றுக்கிழமை தோறும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், இருபத்தொன்பது வருடங்கள் ஆகும். 3, 5, 7ஆல் வகுபடுகிறவற்றை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டாலும் பதின்மூன்று வருடங்கள்.

மூன்றாமவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தாராம். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 1903 அக்டோபர் 31 கூட்டத்தில் அவர் பேர் அழைக்கப்பட்டது. எழுந்து கரும்பலகைக்குப் போனார். வாயைத் திறக்கவில்லை. இரண்டை அறுபத்தேழு அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தார். பலகையில் வெற்றிடத்துக்கு நகர்ந்து, 193707721ஐயும் 761838257287ஐயும் எழுதி, பள்ளிக்கூடப் பையனைப் போல் நீளப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. கை தட்டல். ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை.

இந்தக் கதையைச் சொன்னவர் எரிக் டெம்பிள் பெல். சொன்னது 1951இல். கூட்டம் நடந்தபோது அவர் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர். கணித மேதைகளின் வாழ்க்கையில் உப்பும் காரமும் சேர்ப்பதில் பெல் கை தேர்ந்தவர் என்பதும் பிரசித்தம். எனவே அந்த மௌனத்தை நான் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. கட்டுரை மட்டும் உண்மை. கழகத்தின் சஞ்சிகையில் 1903 டிசம்பரில் அது வெளியாகியிருக்கிறது.

கட்டுரையைக் கொண்டு பார்த்தால் கோல் குருட்டுத்தனமாக வகுத்துக்கொண்டு போனவர் அல்ல. மேலே 2க்குச் செய்ததை அவர் வேறு பல எண்களுக்கும் செய்தார். நம் எண்ணின் ஏதாவது ஒரு மடங்குக்கு அருகில் ஒரு வர்க்க எண் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால், அந்த வித்தியாசம் ஒரு சிறிய எண்ணாக இருக்கும். அந்தச் சிறிய எண், காரணியின் உலகத்தில் வர்க்கமாக இருந்தாக வேண்டும். இது ஒரு புதிய நிபந்தனை. ஒவ்வொரு நிபந்தனையும் ஏறக்குறையப் பாதி வேட்பாளர்களை வெளியே அனுப்பும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். ஒன்றையொன்று சாராத பத்துப் பொருத்தங்களையும் கறாராகப் பார்த்தால் ஆயிரத்தில் ஒருவர்தான் தேறுவார். ஏழேகால் லட்சம் வேட்பாளர்கள் எழுநூற்றுச் சொச்சமாகச் சுருங்கிவிடுவார்கள். பெருக்கல் வகுத்தலில் போனதை விட, பொருத்தங்களைத் தேடுவதில்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அதிகம் போயிருக்க வேண்டும்.

விடை கிடைத்த பிறகு சரிபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதையும் பார்த்துவிடுவோம். 64 பிட் எண்களில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு நம் எண் ஒரு சின்ன இடைஞ்சல். இரும எண்ணாக எழுதினால் அறுபத்தேழு ஒன்றுகள். பெட்டியில் அடங்காமல் மூன்று பிட் வெளியே தொங்குகிறது. ஆனால் முழு எண்ணையும் கையில் வைத்திருக்கத் தேவையில்லை, மீதிகள் போதும். 2^33 = 8589934592. இதை 193707721ஆல் வகுத்தால் 44 முறை போய், மீதி 66794868. அதை வர்க்கமாக்கினால் 2^66க்கான மீதி. இன்னொரு இரண்டால் பெருக்கினால் 2^67. கணக்கிட்டால் 8923108782274848 வரும். ஒன்றைக் கழியுங்கள். 193707721ஆல் வகுங்கள். 46064807 முறை, மீதியே இல்லாமல் போகும். ஒரு தாளும் பேனாவும் கால் மணி நேரமும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2^67 - 1 என்ற எண்ணை எழுதாமலேயே அது உடைவதைக் காட்டிவிட்டோம்.

கிடைத்த இரண்டு காரணிகளும் மேலும் உடையாதவை என்பதற்கும் அதே சல்லடைகள் போதும். 193707721க்கு ஐம்பத்தொரு வகுத்தல்கள். பெரியவருக்கு மூவாயிரத்து இருநூற்றைம்பத்தேழு.

இன்றைய மடிக்கணினியில் இவை எல்லாவற்றையும் பத்து வரி நிரல் ஒரு விநாடிக்குள் முடித்துவிடும். அதனால் கோல் செய்தது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. மடங்குக்கு அருகில் இருக்கும் வர்க்கங்களைத் தேடும் அதே யோசனை 1920களில் கிரைச்சிக் கையில் வளர்ந்தது. 1981இல் பொமரான்ஸ் அதை இருபடிச் சல்லடை என்ற முறையாக்கினார். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் தங்கள் ரகசியக் குறியீட்டு முறையை அறிமுகப்படுத்தியபோது, 129 இலக்க எண் ஒன்றை உடைப்பவருக்கு நூறு டாலர் பரிசு அறிவித்தார்கள். அந்தச் சல்லடைதான் 1994இல் அதை உடைத்தது. சுமார் அறுநூறு தன்னார்வலர்கள், ஆயிரத்து அறுநூறு கணினிகள், எட்டு மாதங்கள். 2020 பிப்ரவரியில் உடைபட்ட 250 இலக்க எண்ணுக்கு வேறொரு சல்லடை தேவைப்பட்டது. ஒரே ஒரு கணினி உள்ளகம் செய்திருந்தால் 2700 வருடங்கள் பிடித்திருக்கும் வேலை அது. பாதுகாப்புக்குப் பரவலாகப் பயன்படும் எண்களுக்கு 617 இலக்கங்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் லூகாவுக்கும் கோலுக்கும் இடையிலான அந்த இருபத்தேழு வருட இடைவெளி மேல்தான் நிற்கிறது. பகா எண்ணா இல்லையா என்று தட்டிப் பார்த்துச் சொல்வது சுலபம். எவ்வளவு சுலபம் என்பதை 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும் திட்டவட்டமாக நிறுவினார்கள். எந்த எண்ணுக்கும், இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அளவாகவே வளரும் நேரத்தில் பதில் சொல்லிவிடலாம். உடைப்பதற்கு அப்படி ஒரு வழி நம் கணினிகளுக்கு இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்பதற்கும் நிரூபணம் இல்லை. இது எனக்கு அவ்வப்போது உறுத்தும் விஷயம். மெர்சென்னின் பட்டியலை எல்லோரும் இருநூறு வருடங்களுக்கு மேல் நம்பியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திறமைசாலிகள் பலர் முயன்றும் முடியவில்லை என்பது மட்டுமே நம் கையில் இருக்கும் சான்று. குவாண்டம் கணினி போதுமான அளவில் வந்துவிட்டால் உடைத்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். அதற்குத் தயாராக, 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் காரணிகளை நம்பாத புதிய முறைகளை அறிவித்திருக்கிறது.

மெர்சென் எண்களின் வேட்டையும் நிற்கவில்லை. 1996இல் தொடங்கிய தன்னார்வக் கூட்டு முயற்சி ஒன்று லூகாவின் வழித்தோன்றல்களான சோதனைகளை உலகெங்கும் உள்ள கணினிகளில் ஓட்டுகிறது. 2024 அக்டோபரில் அது அறிவித்த 2^136279841 - 1 என்ற பகா எண்ணுக்கு நாலு கோடியே பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேல். அதைத் தட்டிப் பார்த்து முற்றல் என்று சொல்லியாகிவிட்டது.

அதோடு ஒப்பிட்டால் 2^1277 - 1 ஒரு பொடியன். 385 இலக்கங்கள்தான். அதற்கு அடுத்த வீட்டுக்காரரான 2^1279 - 1 பகா எண் என்று ரஃபேல் ராபின்சன் 1952இலேயே ஸ்வாக் என்ற கணினியைக் கொண்டு நிறுவிவிட்டார். 2^1277 - 1 பகா எண் அல்ல. அதுவும் நிரூபணமான விஷயம். ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. 2^67 - 1 இருந்த அதே நிலையில் இன்றும் இருக்கும் மெர்சென் எண்களில் மிகச் சிறியது இதுதான். தேட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: காரணி எதுவானாலும் 2554இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாக இருக்கும். எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும்.